மணிக்கட்டில் ஒரு கணக்கப்பிள்ளை

உடல்நலத்தைப் பேணுவது கிறிஸ்தவக் கடமைகளுள் ஒன்று என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. உடலைத் தூய ஆவியார் குடியிருக்கும் ஆலயமாகக் காணும்படி கொரிந்து நகரத்து இறைமக்களுக்கு எழுதினார் பவுலடியார். அந்த ஆலயத்துக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்த வேண்டுமா, வேண்டாமா என்பதே இப்போது நம் இல்லங்களில் எழுந்திருக்கும் கேள்வி.

கணக்கப்பிள்ளை என்று நான் குறிப்பிடுவது ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் கைக்கடிகாரத்தை. நாம் எத்தனை அடி நடந்தோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது, இரவில் எவ்வளவு நேரம் உறங்கினோம், எத்தனை கலோரியை எரித்தோம் என்று அனைத்தையும் அது எழுதி வைக்கிறது. வாலாஜாபேட்டை போன்ற நடுத்தர ஊர்களிலும் அதைக் கட்டிய கைகள் பெருகிவிட்டன. பெங்களூரில் பணிபுரியும் மகன் ஓய்வுபெற்ற தந்தைக்கு வாங்கி அனுப்புகிறான். உறுதிபூசுதல் பெறும் பிள்ளைக்கு முன்பெல்லாம் செபமாலையும் விவிலியமும் பரிசளித்த ஞானத்தந்தை இன்று இதைப் பரிசளிக்கிறார். சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே கடைக்கு நடப்பவர்களும் உண்டு. சிலருக்கு முதல் நடையும் கடைசி நடையும் அதுவாகவே அமைந்துவிடுகிறது. ஈராயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. மாதத் தவணையிலும் கிடைக்கிறது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வாங்கலாமா என்று கேட்போருக்கு என் விடை இது: நம்முள் பெரும்பாலோர்க்கு வேண்டாம். அது ஆடம்பரம் என்பதற்காகவோ அயல்நாட்டுச் சரக்கு என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. அந்தக் காரணங்களைக் காட்டி வானொலியையும் தொலைக்காட்சியையும் எதிர்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். பின்னர் அவர்கள் வீட்டுக் கூடத்திலும் அவை வந்து அமர்ந்தன. என் காரணம் வேறு. இந்தக் கருவி தனக்கு எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணுகிறது. தனக்கு எண்ணத் தெரியாதது இல்லவே இல்லை என்று நம்மை நம்ப வைக்கிறது. அத்துடன், எவருடைய கையில் எவரால் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து, அணிகலனாகவும் இருக்கிறது, விலங்காகவும் மாறுகிறது.

நேரத்தை எண்ணும் கருவி நம் ஊருக்குப் புதிதன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. கதிரவனும் கோவில் மணியும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் சொன்ன நேரத்தைக் கேட்டு வாழ்ந்த மக்கள் அன்றுமுதல் நிலையக் கடிகாரத்துக்கும் செவிசாய்க்கத் தொடங்கினர். நம் தந்தையர் காலத்தில் பெங்களூர் எச்.எம்.டி. கடிகாரம் மாப்பிள்ளைக்குரிய மரியாதையாக இருந்தது. நாள்தோறும் சாவி கொடுத்தால் முப்பது ஆண்டுகள் ஓடிய அந்தக் கடிகாரம் மணியை மட்டும் சொன்னது. அணிந்தவரைப் பற்றி எவரிடமும் அது எதையும் சொன்னதில்லை. (இன்றைய கடிகாரத்துக்குத் தோல்வார்கூட இல்லை, சிலிக்கோன் பட்டைதான். தோல் பதனிடும் நாட்டில் இருந்துகொண்டு இதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.)

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது இன்று ஏறத்தாழப் பதினோராவது கட்டளை ஆகிவிட்டது. இதை எந்த மருத்துவப் பேரவை விதித்தது என்று கேட்டுப் பாருங்கள், விடை வராது. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதனால் ஜப்பானியரிடையே எழுந்த உடற்பயிற்சி ஆர்வத்தைப் பயன்படுத்தி, மறு ஆண்டே யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் ஓர் அளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘மான்போ-கேய்’. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அதன் பொருள். சொல்ல எளிய, நினைவில் நிற்கும் ஒரு முழு எண். கடைச் சரக்குக்கு இட்ட பெயர் அறுபது ஆண்டுகளில் உலகத்தின் மனச்சான்றாக மாறிவிட்டது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியபோது அதற்கும் டோக்கியோவே முன்மாதிரி ஆயிற்று. எட்டுக் கிலோமீட்டர் என்பதும் ஏறத்தாழ அதே பத்தாயிரம் அடிதான். நடக்கப் பாதை அமைப்பது நற்செயல். அதை நான் குறைகூறவில்லை. எண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

ஆய்வுகள் சொல்வதோ வேறு. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தாலும் கூடுதல் பயன் காணப்படவில்லை. 2025-இல் லான்செட் குழும இதழொன்று பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையும் 7,000 அடியையே நியாயமான இலக்காகக் காட்டியது. ஆறாயிரம் அடி நடந்துவிட்டு, கடிகாரம் நிறைவு தெரிவிக்காததால் குற்ற உணர்வோடு படுக்கைக்குச் செல்லும் அறுபத்தைந்து வயது அம்மாவை என்னென்பது? அவருக்கு மனச்சோதனை செய்யும் பழக்கம் முன்பே உண்டு. கோபப்பட்டதும் புறம்பேசியதும் இருந்த இடத்தில் இப்போது நாலாயிரம் அடிப் பற்றாக்குறை வந்து அமர்ந்துகொள்கிறது.

கருவி எவ்வாறு எண்ணுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நன்று. அது காலைப் பார்ப்பதே இல்லை. நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசும் தாளத்தை ஒரு நுண்பொறியால் உணர்ந்து, அதைக் கொண்டு அடிகளை ஊகிக்கிறது. ஆகவே உட்கார்ந்த இடத்தில் மாவு பிசைந்தாலும், செபக்கூட்டத்தில் கைதட்டிப் பாடினாலும் சில அடிகள் வரவில் ஏறக்கூடும். மாறாக, தள்ளுவண்டியின் பிடியைப் பற்றியபடி காலைமுதல் மாலைவரை தெருத்தெருவாகக் காய்கறி விற்பவரின் கை வீசுவதில்லை. அவர் நடந்த நடையில் பெரும்பகுதி கணக்கில் விழாமல் போகும். குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு தண்ணீர் சுமக்கும் பெண்ணின் கதியும் அதுவே. வாலாஜாபேட்டையில் குழித்தறியில் அமர்ந்து நாள்முழுதும் மிதியை மிதிக்கும் நெசவாளியின் கால் உழைப்போ அதற்குத் தெரியவே தெரியாது. நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்துவிட்டு மாலையில் கைவீசி நடப்பவருக்காகச் செய்யப்பட்ட கருவி இது. உழைத்துக் களைத்தவருடைய நடை அதன் பார்வையில் நடையே அன்று.

இதயத் துடிப்பை அது நன்றாகவே அறிகிறது. தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, உள்ளே ஓடும் இரத்தம் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்று அளந்து துடிப்பைக் கணிக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, அவற்றுள் ஆறு துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குள்ளான பிழையோடு சொல்லின. ஆனால் எரித்த கலோரியைச் சொல்வதில் அனைத்தும் தோற்றன. மிகச் சிறந்த கருவியின் பிழையே 27 விழுக்காடு. மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு! கடிகாரம் ஐந்நூறு கலோரி எரிந்ததென்று சொன்னதை நம்பி அன்றிரவு ஆம்பூர்ப் பிரியாணிக்கு இலை போடுகிறவர், தம் கணக்கப்பிள்ளை கள்ளக் கணக்கு எழுதுகிறான் என்பதை அறியாதவர்.

இதைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று கூறிச் சில கடிகாரங்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. அவ்வாறு தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், அவற்றை நம்ப வேண்டாம் என்றும் 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அத்தகைய கடிகாரத்தின் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டுகிறவரும் குறைக்கிறவரும் உயிரோடு விளையாடுகிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை: சர்க்கரை பார்ப்பதற்காக எவரும் இதை வாங்கலாகாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. இத்தகைய கருவிகளை அணிந்தோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 அடி கூடுதலாக நடந்தனர் என்றும் ஒரு கிலோ அளவுக்கு எடை குறைந்தனர் என்றும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் லான்செட் குழும இதழ் எழுதியது. அமெரிக்காவில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019-இல் வெளியான இதய ஆய்வில், ஒழுங்கற்ற துடிப்பு என்று கடிகாரம் எச்சரித்தோர் இருநூற்றில் ஒருவரே. அவர்களுள் பின்னர் முறையான கருவியால் சோதிக்கப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு உண்மையிலேயே இதயத் தாளக் கோளாறு தெரியவந்தது. அது சிறிய நன்மையன்று. பக்கவாதத்திலிருந்து ஒருவர் தப்பியிருக்கக்கூடும். அதேவேளை, 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் எடை குறைக்க விரும்பிய 471 இளைஞர்களை ஈராண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, கருவி அணிந்தோர் சராசரியாக 3.5 கிலோவும் அணியாதோர் 5.9 கிலோவும் குறைந்திருந்தனர். கருவியைக் கட்டியதும் கடமை முடிந்தது என்ற எண்ணம் மனித மனத்தில் எழுவது இயல்பு. நவநாள் சுரூபத்துக்கு மாலை போட்டதும் பக்தி முடிந்தது என்று எண்ணுவோரை நாம் அறியாதவர்களா?

அந்த ஆயிரத்தெண்ணூறு அடியை ஒரு நண்பரும் நடக்க வைத்துவிடுவார் என்பது என் கட்சி. எருசலேமிலிருந்து எம்மாவுக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று நம் விவிலியம் சொல்கிறது. சீடர் இருவரும் அந்தத் தொலைவைப் பேசிக்கொண்டே கடந்தார்கள்; மூன்றாமவர் ஒருவர் வழியில் சேர்ந்துகொண்டார்; அன்றிரவே எழுந்து அத்தனை தொலைவையும் திரும்ப நடந்தார்கள். ஆவணி மாதத்தில் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களும் அப்படித்தான். கால் கொப்பளிக்கும், மரத்தடியில் படுப்பார்கள், அடுத்த ஊரில் எவரோ மோர் கொடுப்பார்கள். எத்தனை அடி என்று அவர்களுக்குத் தெரியாது. யார் யாருக்காக நடந்தோம் என்பது தெரியும்.

எவர் வாங்கலாம்? இதய நோயாளிக்கு அவருடைய மருத்துவரே பரிந்துரைத்தால் தயங்காமல் வாங்க வேண்டும். அப்போது அது மருந்துக்கு நிகர். தனித்து வாழும் முதியோருக்கும் பயன் உண்டு. விலையுயர்ந்த சில கடிகாரங்கள், அணிந்தவர் கீழே விழுந்தால் உணர்ந்து பிள்ளைகளின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். அனுப்பட்டும். துபாயில் இருக்கும் மகனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபின் கதவைத் திறந்து தூக்கிவிடப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்தத் தெருவில் அன்பியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மாதம் ஒருமுறை கூடிச் செபமாலை சொல்லிக் காப்பி அருந்திக் கலைவதோடு அதன் பணி முடிந்துவிட்டதா?

செபமாலை என்றதும் சிலர் மடக்கக்கூடும்: நாமும் மணி எண்ணித்தானே செபிக்கிறோம், எண்ணுவது எப்படித் தவறாகும்? நல்ல கேள்வி. செபமாலையின் மணிகள் எண்ணிக்கையை விரல்களிடம் ஒப்படைத்துவிட்டு மனத்தை விடுவிக்கின்றன. ஐம்பத்து மூன்றாவது மணி முடிந்ததும் மாலை மீண்டும் வெறும் மாலை. நேற்று எத்தனை, சென்ற வாரம் எத்தனை, அண்டை வீட்டாரைவிடக் கூடுதலா என்று அது எவருக்கும் சொல்வதில்லை. கடிகாரமோ எண்ணிக்கையைச் சேமிக்கிறது, வரைபடம் போடுகிறது, ஒப்பிடுகிறது, பாராட்டுகிறது, கடிந்துகொள்கிறது. மறையுரையின் நடுவே மணிக்கட்டில் அதிர்ந்து, நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள் என்று ஆணையிடுகிறது. (சில மறையுரைகளைப் பொறுத்தவரை அதன் ஆலோசனையில் நியாயம் இல்லாமலில்லை.) காலையில் முடித்த நடையைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் இடுவோரைக் காணும்போது, கோவிலுக்குச் சென்று தம் நோன்பு நாட்களையும் காணிக்கைக் கணக்கையும் ஆண்டவருக்கே ஒப்புவித்த பரிசேயர் நினைவுக்கு வருகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது. அவருக்கு அந்தக் கணக்கே செபமாகிவிட்டது.

இந்தக் கணக்கு நம்மோடு தங்குவதுமில்லை. ஃபிட்பிட் என்னும் நிறுவனத்தைக் கூகுள் 2021 சனவரியில் இருநூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பேரத்தில் கைமாறியது கடிகாரத் தொழில் மட்டுமன்று. கோடிக்கணக்கானோரின் உறக்கமும் துடிப்பும் மாதவிலக்குத் தேதிகளும் அடங்கிய கணக்குப் புத்தகங்களைக் காத்துவந்த நிறுவனமே கைமாறியது. கூகுள் அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டு வாங்கும் வலிமை அவர்களுக்கு இருந்தது. பாவசங்கீர்த்தன இரகசியத்துக்காகக் குருக்கள் உயிரையும் கொடுத்த மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்கள், படிக்கவே படிக்காத நிபந்தனைகளுக்குக் கீழே விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடலின் இரகசியம் முழுவதையும் ஒப்படைக்கிறோம்.

இனி, கடிகாரத்துக்கு எண்ணத் தெரியாதவற்றுக்கு வருகிறேன். இங்கேதான் நம் பகுதியின் வழக்கு இருக்கிறது.

வாலாஜாபேட்டையை அடுத்தது இராணிப்பேட்டை. 2006-இல் பிளாக்ஸ்மித் என்னும் அமெரிக்க நிறுவனம் உலகில் மிகவும் மாசுற்ற பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு இராணிப்பேட்டையின் பெயரும் அதில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுச் சென்றது. அந்தப் பட்டியலுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பயிருக்கு ஓரளவோ முழுவதுமோ பயனற்றுப் போனதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும் அது எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறி இந்த நாட்டின் சட்டத்தில் வேரூன்றியது நம் பாலாற்றங்கரையின் துயரத்திலிருந்துதான். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

இந்த மண்ணில் காலை நடை செல்கிறவரின் கையிலுள்ள கடிகாரம் அவர் எத்தனை முறை மூச்சுவிட்டார் என்று சொல்லும்; எதை மூச்சாக இழுத்தார் என்று சொல்லாது. எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைவூட்டும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்காது. ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவுறக்கம் இத்தனை நிமிடம் என்று காலையில் அறிக்கை தரும். 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உறக்கத்தின் தரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நாம், உறங்குமிடத்தின் தரத்தை எண்ணினோமா?

கடிகாரம் வாங்குகிறவர் இவற்றுக்கெல்லாம் பொறுப்பா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அந்தக் கடிகாரம் ஒரு போதனையை மணிக்கட்டிலிருந்து ஓயாமல் ஓதுகிறது: உன் நலம் உன் கையில், உன் முயற்சியில், உன் கால்களில். நோயுற்றால் நீ நடக்கவில்லை என்று பொருள். பாதி உண்மையான இந்தப் போதனை, தொட்டிச் சுவரைக் கட்டியவரையும் கழிவைக் குவித்தவரையும் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. பொதுவில் கேட்க வேண்டியதைத் தனியாக நடந்து தீர்க்கச் சொல்கிறது.

கடிகாரத்தை நாமே விரும்பிக் கட்டிக்கொள்ளும்வரை இது ஒருவகையில் நம் சொந்த விஷயம். பிறர் கட்டிவிடும்போது நிலைமை வேறு. நாகபுரி, சண்டிகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் மாநகராட்சிகள் தங்கள் துப்புரவுத் தொழிலாளருக்கு ஜி.பி.எஸ். பொருத்திய கைக்கடிகாரங்களைக் கட்டாயமாக்கின. அவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள், எப்போது உட்கார்ந்தார்கள் என்பது அலுவலகத்திலுள்ள திரையில் தெரிந்தது. அணியத் தவறினால் ஊதியம் பிடிக்கப்படும் என்ற அச்சம் அவர்களை ஆட்டிவைத்தது. கடிகாரம் தங்களைப் படம்பிடிக்குமோ, ஒட்டுக்கேட்குமோ என்று பெண்கள் கழிவறைக்குச் செல்லவும் அஞ்சினர். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் இதை எதிர்த்துத் தெருவுக்கு வந்து போராடினர். அவர்கள் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையுறையும் காலணியும் கொடுக்காத நிர்வாகம் கடிகாரம் கொடுத்தது! கிடங்குத் தொழிலாளியின் கை எங்கே போகிறது என்று கண்காணிக்கும் கைப்பட்டைக்கு அமேசான் நிறுவனம் 2018-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளுக்கு, மக்கள் வழக்கில் ‘ஷூ கம்பெனி’களுக்கு, விடியுமுன் வேனுக்காகச் சாலையோரம் வந்து நிற்கும் பெண்கள் எண்ணப்படுவதை நன்கு அறிந்தவர்கள். மணிக்கு எத்தனை சோடி, எத்தனை தையல் என்பது அவர்களுடைய நாளின் அளவுகோல். அவர்களிடம் போய், நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கிறீர்களா அம்மா என்று கேட்கும் துணிவு எனக்கில்லை.

தாவீது அரசர் மக்கள்தொகையைக் கணக்கெடுத்த வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். படைத்தலைவரான யோவாபுகூட வேண்டாமென்று தடுத்தார், அரசர் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடு முழுவதும் சுற்றி வாளேந்தும் ஆடவரை எண்ணி வந்தார்கள். அதன்பின் வந்த கொள்ளைநோயில் எழுபதாயிரம் பேர் மாண்டதாகச் சாமுவேல் நூல் கூறுகிறது. எண்ணுவதில் அப்படியென்ன குற்றம் என்று இளமையில் எனக்கு விளங்கியதில்லை. தம்முடையவர் அல்லாத மக்களைத் தம் உடைமையாகக் கருதி, எத்தனை வாள் தேறும் என்று எண்ணினார் என்பதே குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. நம் தலைமுடிகூட எண்ணப்பட்டிருப்பதாக இயேசு சொன்னாரே, அந்தக் கணக்கு வேறு. அது அஞ்ச வேண்டாம் என்று சொல்வதற்காக எண்ணப்பட்டது.

மூவாயிரம் ரூபாய் கையில் இருந்தால் என்ன செய்யலாம்? சர்க்கரை பார்க்கும் சிறு கருவி ஒன்றை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். விரலில் ஊசி குத்தும், ஆனால் கடிகாரத்தைவிட நம்பத்தக்கது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையில் செலவின்றிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்தே அவற்றைப் பார்த்தார்கள். நம்முள் வசதி படைத்த சிலர், ஏழைகளுக்கான திட்டம் அது என்று கருதிக் கதவைத் திறக்காமலிருந்ததும் உண்டு. நடப்பதற்கோ நல்ல செருப்பு ஒன்றும் பேசத் துணை ஒருவரும் இருந்தால் போதும்.

நலத்தைக் கணக்கெழுதியே தீர வேண்டும் என்று விரும்புவோருக்கு, நம் பகுதியிலேயே திறந்து பார்க்க வேண்டிய ஒரு புத்தகம் இருக்கிறது. தோல் பதனிடுதலை ஆபத்தான தொழில்களின் அட்டவணையில் சேர்த்து, 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் ஒரு கட்டளையிட்டது: வேதிப்பொருள்களுக்கு இடையே பணிபுரியும் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் தொழிற்சாலை முறையாகப் பேண வேண்டும், தொழிலாளி விரும்பும்போது அதைப் பார்க்க உரிமையுண்டு. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் குறிப்பிட்ட தொழிலாளருக்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி உடற்பரிசோதனை நடத்தப் பணிக்கிறது. உங்கள் அன்பியத்தில் தோல் தொழிற்சாலைக்குச் செல்பவர் ஒருவராவது இருப்பார். தம்முடைய பதிவேட்டை அவர் எப்போதாவது கண்ணால் கண்டதுண்டா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்க அவரோடு யார் யார் தொழிற்சாலை வாயில்வரை நடந்து வருவார்கள் என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்யுங்கள்.